மெதுவாக வாசி என்றார் ஜோப்ளின்

ஒரு கலைஞருக்கு மரியாதை செய்வது என்றால் என்ன? மாலை போடுவதா, சிலை வைப்பதா, நினைவு நாளில் நாலு வார்த்தை பேசுவதா? என்னைக் கேட்டால், அவர் எழுதி வைத்ததை அவர் சொன்னபடி வாசிப்பதுதான் முதல் மரியாதை என்பேன். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய இசைத்தட்டு.

1970இல் அமெரிக்காவின் நன்சச் நிறுவனம் வெளியிட்ட தட்டு அது. ஸ்காட் ஜோப்ளின் என்ற கறுப்பினக் கலைஞரின் எட்டு பியானோ படைப்புகள் அதில் இருக்கின்றன. வாசித்தவர் ஜோஷுவா ரிஃப்கின். நியூயார்க்கில் பிறந்த வெள்ளையர். அப்போது வயது 26. பாஹ்ஹின் இசையை ஆராய்ந்துகொண்டிருந்த படிப்பாளி. ஜோப்ளின் இறந்து அதற்குள் அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

ஜோப்ளின் யார்? அவருடைய அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். அந்த வீடுகளில் இருந்த பியானோவில்தான் மகன் விரல் பழகினான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். டெக்சார்கானா ஊரில் ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் அவனுக்கு ஐரோப்பிய இசையைக் கற்றுக்கொடுத்தார். ஆனால் படித்து என்ன? கறுப்பினப் பியானோ கலைஞனுக்கு அன்று திறந்திருந்த கதவுகள் பெரும்பாலும் மதுக்கடைகளும் விடுதிகளும்தான்.

அந்த இடங்களில் வளர்ந்த இசைக்குப் பெயர் ரேக்டைம். நம் ராகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘ரேக்’ என்றால் கந்தல். இடது கை அணிவகுப்பு போல ஒரே சீராக நடக்கும். வலது கை அந்த நடைக்குள் அடங்காமல், எதிர்பார்த்த இடத்தில் விழாமல், கொஞ்சம் முன்னே பின்னே விழும். ஒழுங்கும் மீறலும் ஒரே ஆளின் இரண்டு கைகளில் நடக்கின்றன. கந்தல் என்று பேர் வைத்தவர்களுக்கு அதன் தையல் தெரியவில்லை.

1899இல் மிசூரி மாநிலத்தின் செடாலியா ஊரில் ஜான் ஸ்டார்க் என்ற பதிப்பாளர் ‘மேப்பிள் லீஃப் ரேக்’ இசைக்குறிப்பை வெளியிட்டார். பிரதிக்கு ஒரு சென்ட் ராயல்டி. அது நாடெங்கும் பரவியது. இசை பரவியது, இசைஞனின் பேச்சு பரவவில்லை. ரேக்டைம் என்றாலே வேடிக்கை, குடி, கூத்து என்று பொதுப்புத்தியில் பதிந்தது. யார் வேகமாக வாசிக்கிறார்கள் என்று போட்டியே நடந்தது. ஜோப்ளின் தன் இசைக்குறிப்புகளின் தலைப்பிலேயே எச்சரிக்கை அச்சிட்டார்: இதை வேகமாக வாசிக்காதே, ரேக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதும் தவறு. 1908இல் பயிற்சி நூலும் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெதுவாக வாசி என்பதை வெறும் தாளக்கணக்காக நான் பார்க்கவில்லை. நின்று கவனி, இதற்குள் ஒரு மூளை வேலை செய்திருக்கிறது என்று ஒரு மனிதன் கேட்கும் கேட்பு அது.

நான் படித்த கல்லூரியில் ஒரு விழா. சிறப்பு விருந்தினர் வரும்போது வாசலில் பறை அடிக்க எங்கள் ஊர்க்காரர்களை அழைத்திருந்தார்கள். “வேகமா அடிங்கப்பா, சும்மா அதிரணும்” என்றார் ஒரு பேராசிரியர். விருந்தினர் உள்ளே போனதும் அரங்கத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். மேடையில் கச்சேரி தொடங்கியது. குழுவில் மூத்தவரான என் மாமாவுக்கு ஒவ்வொரு அடிக்கும் பெயர் தெரியும், எது எப்போது, எங்கே நிறுத்தணும் என்று கணக்குத் தெரியும். அதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது சத்தம் மட்டும். ஜோப்ளினின் அந்த எச்சரிக்கையைப் பற்றிப் படித்தபோது என் மாமாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ரிஃப்கின் செய்தது இதற்கு நேர்மாறு. கரகரக்கும் பழைய மதுக்கடைப் பியானோ இல்லை. வைக்கோல் தொப்பி வேடிக்கை இல்லை. அரங்கில் வாசிக்கும் பெரிய பியானோவில், தாளில் என்ன இருக்கிறதோ அதை, எழுதியவர் கேட்ட நிதானத்தில் வாசித்தார். பாஹ்ஹுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை ஜோப்ளினுக்கும் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த நிதானத்தில் ‘மேக்னெடிக் ரேக்’ கேட்டுப் பாருங்கள். 1914இல் வந்த அதுதான் ஜோப்ளின் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி ரேக். கூத்து என்று சொல்லப்பட்ட இசைக்குள் எவ்வளவு துயரம் இருந்திருக்கிறது என்று தெரியும்.

தட்டு லட்சக்கணக்கில் விற்றது. கடைகளில் செவ்வியல் இசை அடுக்கில் வைத்தார்கள். பில்போர்டு இதழின் செவ்வியல் விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. 1973இல் ‘தி ஸ்டிங்’ திரைப்படம் ஜோப்ளினின் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த இசையைப் படத்துக்குத் தழுவிக்கொடுத்த மார்வின் ஹாம்லிஷுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஜோப்ளின்? 1917 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கில் மனநல மருத்துவமனையில் இறந்தவர், குவீன்ஸ் பகுதியில் பெயர்ப்பலகைகூட இல்லாத குழியில் கிடந்தார். 1974இல்தான் அங்கே பெயர் பொறித்த கல் வைத்தார்கள். இசைக்கு ஆஸ்கர் கிடைத்த அதே ஆண்டு!

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ஜோப்ளின் எழுதிய தாள் 1899லிருந்தே இருந்தது. அதை வாசித்த கறுப்பினக் கைகளும் இருந்தன. ஒரு வெள்ளைப் படிப்பாளி செவ்வியல் நிறுவனத்தில் வாசித்த பிறகுதான் அது செவ்வியல் ஆனதா? இசையில் ஒரு சுரமும் மாறவில்லை, அடுக்கு மட்டும்தான் மாறியது. அடுக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் அரசியல். இதில் ரிஃப்கினை நான் குறை சொல்லவில்லை. அவர் நேர்மையாகத் தன் வேலையைச் செய்தார். அந்த வேலை ஏன் அவ்வளவு காலம் செய்யப்படாமல் கிடந்தது என்று அந்த அடுக்கைக் காத்தவர்களைத்தான் கேட்கிறேன்.

ஜோப்ளினின் ஆசையோ ரேக்குகளோடு நிற்கவில்லை. அவர் ஓபரா எழுதினார். 1901இல் புக்கர் டி. வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்குத் தென்மாநில வெள்ளையர்கள் கொதித்தார்களே, அந்தப் பந்தியைப் பற்றித்தான் முதல் ஓபரா. அதன் இசைக்குறிப்பு தொலைந்துபோனது. இரண்டாவது ‘ட்ரீமோனிஷா’. மரத்தடியில் கண்டெடுத்து வளர்த்த ஒரு கறுப்பினப் பெண் கல்வி கற்று, மந்திரவாதிகளின் மூடநம்பிக்கையை எதிர்த்து, தன் மக்களுக்குத் தலைவியாகிறாள். 1911இல் சொந்தக் காசில் அச்சிட்டார். 1915இல் ஹார்லெமில் வாத்தியக்குழு இல்லாமல், உடை அலங்காரம் இல்லாமல், தானே பியானோ வாசித்து அரங்கேற்றிப் பார்த்தார். எடுபடவில்லை.

அந்த 1915ஆம் ஆண்டில் ஹார்லெமை ஒட்டிய கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் அண்ணல் அம்பேத்கர் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கல்விதான் விடுதலை என்று ஒருவர் ஓபரா எழுதிய அதே நகரத்தில், அதே நம்பிக்கையோடு இன்னொருவர் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

‘ட்ரீமோனிஷா’ 1972இல் அட்லாண்டாவில் முழுதாக மேடையேறியது. அதற்கு வாத்திய இசை அமைத்தவர் டி. ஜே. ஆண்டர்சன் என்ற கறுப்பின இசையமைப்பாளர். 1976இல் ஜோப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள். வாங்க அவர் இல்லை.

தோழர்களே, ரிஃப்கினின் தட்டை அவசியம் கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘ட்ரீமோனிஷா’வையும் தேடிக் கேளுங்கள். ரேக்குகள் அவருக்குச் சோறு போட்டன. உலகம் தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அது அந்த ஓபராவில் இருக்கிறது. நம் பக்கத்தில் இருக்கும் கலைஞர்களிடமும் ‘வேகமா அடி’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ‘இந்த அடிக்குப் பேர் என்ன?’ என்று கேட்டுப் பழகுவோம். அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்போம்.