புது ஐபோனும் பழைய மேக்கும்

செப்டம்பர் வந்தால் ஊரெல்லாம் புது ஐபோன் பேச்சு. ஐபோன் ஆலை இருக்கும் சுங்குவார்சத்திரத்தில் அது முன்னாலேயே கம்பெனி பஸ்களில் தெரிந்துவிடும். ஷிஃப்டுக்கு ஆள் கூடும். 2022-ல் ஐபோன் 14 வெளிவந்த அதே மாதமே இங்கே ஃபாக்ஸ்கானில் அதன் உற்பத்தி தொடங்கியது.

போன் பக்கத்திலேயே தயாராகிறது. அதற்கு ஆப் எழுதுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆப் ஸ்டோரில் ஏற்ற, ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடின் 16-ம் பதிப்பு 2025 ஏப்ரலில் கட்டாயமானது. அது ஓட மேக்ஓஎஸ் சோனோமா 14.5 வேண்டும். சோனோமா 2017 மேக்புக் ப்ரோவில் ஏறாது. கீபோர்டும் திரையும் பளிச்சென்று இருக்கிற மெஷின், ஆப் வேலைக்கு மட்டும் ஆகாது. இதுபோன்ற இன்டெல் சிப் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனிலேயே ஆப்பிள் சொல்லிவிட்டது.

புதுச் சிப் வரும்போதெல்லாம் பெஞ்ச்மார்க் வீடியோ பார்ப்பது வெட்டி வேலை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எந்த எக்ஸ்கோடுக்கு எந்த ஓஎஸ் என்கிற ஆப்பிளின் அட்டவணை.

படிப்பு முடித்து ஆப் எழுத வரும் தம்பி தங்கைகளே, மலிவாகக் கிடைக்கிறதென்று செகண்ட்ஹேண்டில் இன்டெல் மேக் வாங்கிவிடாதீர்கள். இப்போதைக்கு ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 உள்ள மேக் போதும். ரேம் மட்டும் 16 ஜிபி பார்த்து எடுங்கள்.