மூன்று வரிசை

தவக்காலத்துப் புதன்கிழமை இரவு. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு கோயில். வாசலில் மோட்டார்கள், தோட்டத்து வேன் இரண்டு. சக்கரங்களில் செம்பனைக் காட்டுச் செம்மண்.

அறிவிப்புப் பலகையில் கர்தினால் செபாஸ்தியான் பிரான்சிஸ் சிரிக்கிறார். 2023-ல் கர்தினாலான பினாங்கு ஆயர். கெடாவும் அவர் மறைமாவட்டம். பக்கத்தில் ஒரு தாள்: ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம். 1215-ல் லாத்தரன் சங்கம் போட்ட விதி. தாளின் ஓரத்தில் யாரோ போன் நம்பர் எழுதிக் கிழித்துப் போயிருக்கிறார்கள்.

பழைய பாவசங்கீர்த்தனக் கூண்டு பின்கட்டில் நிற்கிறது. முகம் மறைக்கும் சல்லடைப் பலகை அப்படியே இருக்கிறது. உள்ளே விளக்குமாறு, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். 1973-ல் வந்த புதிய சடங்குமுறை, முகம் பார்த்துச் சொல்லவும் இடம் கொடுத்தது.

மூன்று மூலையில் மூன்று சாமியார்கள். கழுத்தில் ஊதாத் துகில். எதிரே ஒரு காலி நாற்காலி. ஒலிபெருக்கியில் பாட்டு, சுவரில் மின்விசிறி. இரண்டும் சத்தமாக ஓடுகின்றன.

பங்குச் சாமியார் முன்னால் நான்கு பேர். புதுநன்மை வகுப்புப் பிள்ளைகள் மூவர், அவர்களின் டீச்சர்.

ஈப்போவிலிருந்து வந்த சாமியார் முன்னால் வரிசை கதவைத் தாண்டிப் போகிறது. அவர் நாளைக் காலை ஊர் திரும்புகிறார். அறிவிப்பில் அதை இரண்டு முறை சொன்னார்கள்.

பினாங்கிலிருந்து வந்த சீனச் சாமியார் முன்னால் யாரும் இல்லை. அவர் ஜெபமாலையைப் பிரித்துச் சிக்கெடுக்கிறார்.

தரையில் கோவிட் காலத்து மஞ்சள் டேப். அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு பெண்ணின் செருப்பு நுனி டேப்பைத் தாண்டுகிறது. முன்னால் பேசிக்கொண்டிருப்பவள் அவள் நாத்தனார்.

நீள வரிசையில் ஒரு தண்டல். அவருக்கு முன்னால் அவர் ஆள், மரம் வெட்டுபவர். ஆள் திரும்பிப் பார்க்கிறார். "நீங்க போங்க, ஐயா." தண்டல் கையை ஆட்டுகிறார். "இல்ல, நீ போ." இருவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். இடையில் ஒரு பையன் புகுந்து முன்னேறுகிறான்.

பையன் பாவங்களைப் போனில் எழுதி வைத்திருக்கிறான். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறான். ஒன்றை அழிக்கிறான். தண்டல் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் எடுக்கிறார். நம்பர் கடைச் சீட்டு. வேறு பைக்குள் போட்டு, இன்னொரு தாளைத் தேடுகிறார்.

ஒரு பாட்டி நீள வரிசையைப் பார்க்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். சீனச் சாமியாரை நோக்கி நடக்கிறார்.

பேத்தி ஓடி வருகிறாள். "பாட்டி, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் வந்து சொல்லட்டா?"

சொல்லலாம். மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது. அந்த ஆளும் வெளியே வாய் திறக்கக்கூடாது, சட்டம் 983.

பாட்டி பேத்தியை மேலும் கீழும் பார்க்கிறார். "நீ இங்கயே குந்து."

தமிழில் பேசுகிறார். நிறுத்தவே இல்லை. ஒரு கை குழந்தையின் உயரம் காட்டுகிறது. பிறகு மணிக்கட்டைத் தடவுகிறது, வளையல் போடும் இடம். பிறகு, திரும்பாமலே, கட்டைவிரல் பின்னால் பெஞ்சைக் காட்டுகிறது. சாமியார் "யா, யா" என்கிறார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறார். பங்குச் சாமியாரிடம் பிள்ளைகள் மூவரும் டீச்சரும் முடித்துவிட்டார்கள்.

சீனச் சாமியார் கையை உயர்த்துகிறார். ஜெபமாலையைக் காட்டி, மூன்று விரல் விரிக்கிறார். பாட்டி ஐந்து விரித்துக் காட்டுகிறார். சாமியார் தலையாட்டுகிறார்: மூன்று போதும்.

பேத்தி கேட்கிறாள், "என்ன பாட்டி சொன்ன?"

"தாகமா இருக்கு. தண்ணி கொண்டா."

ஒன்பதரை மணி. நீள வரிசை தீர்கிறது. பங்குச் சாமியார் எழுகிறார். துகிலைக் கழற்றி மடிக்கிறார். ஈப்போ சாமியார் முன்னால் போய் உட்காருகிறார். குனிந்து பேசத் தொடங்குகிறார்.

சைவ மீகூன் ஆறுகிறது என்று சொல்ல வந்த கோயில்பிள்ளை மஞ்சள் டேப்புக்குப் பின்னால் நிற்கிறார். தாமதமாக வந்த ஒருத்தி அவருக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர்.