காணா இடத்துக் கைத்திறன்

1954 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள்வரை பிரெஞ்சுக்காரரால் ஆளப்பட்ட ஊர் புதுவை. அவர்கள் காலத்து மேசைகளும் நாற்காலிகளும் பேழைகளும் பழைய இல்லங்கள் சிலவற்றில் இன்றும் உள்ளன. அவை பழுதுற்றால், சாரம் பகுதியில் வாழும் முதிய தச்சர் ஒருவரின் பட்டறைக்கு வந்து சேரும்.

ஒருநாள் தேக்கு மரத்தாலாகிய எழுதுமேசை ஒன்று அங்கு வந்தது. அதன் இழுப்பறை ஒன்று மூலை கழன்று கிடந்தது. "இரண்டு ஆணி அடித்தால் போதும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கூறிச் சென்றார் மேசைக்கு உரியவர். விடுமுறை நாளில் பட்டறையில் உதவி புரிந்துவந்த பேரன் உடனே ஆணியையும் சுத்தியலையும் எடுத்து வந்தான்.

"பொறு அப்பா! முதலில் இதனைப் பார்" என்றார் கிழவர்.

பக்கப் பலகையின் முனையில் விரிந்த வால்கள் போன்ற பற்கள் வரிசையாய் இருந்தன. முகப்புப் பலகையின் உட்புறத்தில் அவற்றை ஏற்கும் குழிகள் இருந்தன. பற்கள் அடியில் குறுகி நுனியில் அகன்றவை. ஆதலால் இழுப்பறையை எத்தனை முறை இழுத்தாலும் முகப்புப் பலகை கழன்று வாராது. ஆங்கிலேயர் இதனைப் புறா வால் என்பர். பிரெஞ்சுக்காரர் தகைவிலான் குருவியின் வால் என்பர். பண்டை எகிப்தியக் கல்லறைகளிற் கிடைத்த மரப்பொருள்களிலும் இப்பொருத்து காணப்படுகிறது.

"ஆணி அடித்தால் என்ன தாத்தா?"

"மழைக்காலத்தில் மரம் விரியும், கோடையில் சுருங்கும். இரும்பு அதனோடு இசைந்து கொடுக்காது. கடற்காற்றில் துருவும் ஏறும். நாளடைவில் பலகை பிளந்துவிடும்."

இப்பொருத்தைக் கையால் வெட்ட நேரம் மிகுதியாகும். ஆதலால் எந்திரங்கள் பெருகிய காலத்தில் வேறு வழிகளும் தேடினர். அமெரிக்கராகிய சார்லஸ் நாப் என்பவர் 1867 இல் புதுப் பொருத்து ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதில் பிறை போன்ற வளைவுகளும், ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஒரு முளையும் இருக்கும். புறா வாலையே வெட்டும் எந்திரங்கள் பின்னர்ப் பரவின; 1900 ஆம் ஆண்டளவில் பிறைப் பொருத்து வழக்கொழிந்தது. அதனைக் கொண்ட இழுப்பறையைக் கண்டதும், அது எக்காலத்தது என்பதை அறிந்தோர் கூறிவிடுவர். எந்திரம் வெட்டியவை யாவும் ஓரளவின. கையால் வெட்டியவற்றிலோ ஒன்றுபோல் மற்றொன்று இராது.

இம்மேசையின் பற்களும் அவ்வாறே சிறிதும் பெரிதுமாய் இருந்தன. தச்சர் வெந்நீரால் பழைய வச்சிரத்தை இளக்கிப் பலகைகளைப் பிரித்தார். பேரன் உற்றுநோக்கினான். ஒரு பல்லின் ஓரத்தில் மெல்லிய தேக்குச் சீவல் ஒன்று செருகப்பட்டிருந்தது.

"அன்று வெட்டியவன் கை சற்றே தவறியிருக்கிறது. தவற்றை அப்படியே விட்டிருந்தாலும் ஒருவரும் அறியார். ஆயினும் அவன் மனம் அதற்கு ஒப்பவில்லை" என்றார் கிழவர்.

சிறுவன் சுத்தியலைக் கீழே வைத்தான். தேய்ந்துபோன மற்றொரு பல்லின் அருகே செருகுவதற்குத் தேக்குச் சீவல் ஒன்றைத் தானே இழைத்தான். முதற்சீவல் தடித்துவிட்டது, இரண்டாவது ஒடிந்தது, மூன்றாவது பொருந்திற்று. புதிய வச்சிரம் பூசிப் பலகைகளை இணைத்து, இரண்டு நாள் இறுகக் கட்டிவைத்தனர்.

மேசைக்கு உரியவர் வந்தார். இழுப்பறையை இழுத்துப் பார்த்தார்; அது ஓசையின்றி வந்தது. "ஆணி அடித்த இடமே தெரியவில்லையே!" என்று வியந்து, இரண்டு ஆணிக்கு உரிய கூலியைக் கொடுத்தார். கிழவர் மறுக்காது பெற்றுக்கொண்டார். சிறுவன் மட்டும் முறுவலித்தான்.

பெயர் அறியாத ஒருவன் என்றோ செருகிய சீவலும், சாரத்துச் சிறுவன் செருகிய சீவலும் அம்மேசையினுள்ளே அருகருகே இருக்கின்றன. வெளியே நின்று காண்பவருக்கு அவை தெரியா. ஆயினும் இழுப்பறையைத் தாங்கி நிற்பவை அவையே.