30 ஆம்பியர் என்னும் பாதி வாக்கியம்

கேம்பர் டிரெய்லர் என்பது காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஏசி, கழிப்பறை அனைத்தும் அதற்குள் அடக்கம். அமெரிக்காவில் பல குடும்பங்கள் பயணம் முடிந்ததும் அதை வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவைக்கின்றன. அடுத்த பயணத்துக்கு முன் ஃபிரிட்ஜைக் குளிர்விக்கவும், பேட்டரிக்கு மின்னேற்றவும், விருந்தினர் வந்தால் தங்கவைக்கவும் வீட்டிலிருந்து அதற்கு மின்சாரம் வேண்டும். உரிமையாளர் எலக்ட்ரீஷியனை அழைக்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "வெளியில் ஒரு 30 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்."

இலக்கணத்தில் குறையில்லாத இவ்வாக்கியம் பொருளில் பாதி மட்டுமே. ஆம்பியர் மின்னோட்டத்தின் அளவு. மின்னழுத்தம் எத்தனை வோல்ட் என்பது சொல்லப்படவில்லை. சொல்லாததைக் கேட்பவர் தம் பழக்கத்திலிருந்து நிரப்பிக்கொள்கிறார். டிரெய்லர் வைத்திருப்போரின் வழக்கில் 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட். வீட்டு மின்பணியே தொழிலாகக் கொண்டவருக்கோ, 30 ஆம்பியர் என்றதும் நினைவில் எழுவது துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் இணைப்பு. இருவரும் தலையசைக்கிறார்கள். இருவரும் உண்மையே பேசினார்கள். ஆனால் பேசியது ஒரே பொருளைப் பற்றியன்று.

கண்ணும் இந்தப் பிழைக்குத் துணைபோகிறது. டிரெய்லருக்குரிய சாக்கெட்டின் பெயர் டிடி-30. சாய்ந்த இரு தட்டைத் துளைகளும் எர்த்துக்கான மூன்றாவது துளையும் கொண்டது அது. பழைய வீடுகளில் துணி உலர்த்திக்கு இருந்த 10-30 சாக்கெட்டும் மூன்று துளை கொண்டதே. 1996 முதல் அமெரிக்க மின்விதி புதிய உலர்த்தி இணைப்புகளுக்கு நான்கு கம்பியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் மூன்று துளைச் சாக்கெட்டுகள் பழைய வீடுகளில் இன்றும் உண்டு. பழகிய கைகளிலும் அந்த உருவம் மறையவில்லை. ஆகவே இரட்டைப் பிரேக்கரைப் பொருத்தி, டிடி-30-இல் நியூட்ரல் வரவேண்டிய இடத்தில் இன்னொரு ஃபேஸ் கம்பியை முடுக்கிவிடுவது மீண்டும் மீண்டும் நிகழும் தவறாகிவிட்டது. சாக்கெட்டின் முகத்திலேயே 125 வோல்ட் என்று பொறித்திருக்கிறது. பழக்கம் வாசிக்கும்போது எழுத்து கண்ணில் படுவதில்லை.

விளைவு உடனே தெரியும். 120 வோல்ட்டுக்கென அமைந்த மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜர் முதலியவை 240 வோல்ட்டை வாங்கிச் சில நொடிகளில் கருகக்கூடும். சரியான அமைப்பு எளியது: ஒற்றை 30 ஆம்பியர் பிரேக்கர், ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என மூன்று செப்புக் கம்பிகள், பருமன் பத்தாம் எண், அதாவது 10 ஏ.டபிள்யூ.ஜி. கிடைக்கும் உச்ச ஆற்றல் 3,600 வாட். தொடர்ந்து பல மணிநேரம் இழுப்பதென்றால் 24 ஆம்பியருக்குள் நிறுத்துவது முறை. பெரிய ஊர்திகளுக்கான 50 ஆம்பியர் இணைப்பு வேறு வகை. அது நான்கு துளை கொண்ட 14-50. இரு ஃபேஸ் கம்பிகளிலும் தலா 50 ஆம்பியர் வீதம் 12,000 வாட் வரை தரும். 30-க்கும் 50-க்கும் இடைவெளி வெறும் இருபது என்று எண்ணிக்கை சொல்கிறது. ஆற்றலோ மூன்று மடங்குக்கும் மேல்.

மொழியியல் படித்தோருக்கு இவ்விடத்தில் பெஞ்சமின் லீ வோர்ஃப் நினைவுக்கு வருவார். மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைப் பற்றிய அவரது கருத்துகள் வகுப்பறைதோறும் விவாதிக்கப்படுகின்றன. அவர் வயிற்றுப்பிழைப்பு மொழியியலால் நடக்கவில்லை என்பது குறைவாகவே பேசப்படுகிறது. வேதிப்பொறியியல் படித்த அவர், ஹார்ட்ஃபர்ட் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பணியில் வாழ்நாள் முழுதும் இருந்தவர். பெட்ரோல் தீர்ந்த பீப்பாய்களைக் 'காலி' என்று அழைத்ததனாலேயே மக்கள் அவற்றருகே அஞ்சாமல் புகைபிடித்தார்கள் என்பது அவர் காட்டிய சான்று. உள்ளே எஞ்சிய ஆவி, நிறைந்த பீப்பாயைவிட ஆபத்தானது. வோர்ஃபின் பெருங்கொள்கையை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. ஆனால் பெயர் கையை வழிநடத்தும் என்ற சிறு உண்மையை மறுப்பது கடினம். முற்றத்து மின்னிணைப்பில் அதற்குக் குறைந்தது மூன்று சான்றுகள் கிடைக்கின்றன.

முதலாவது, நியூட்ரல். நடுநிலை என்னும் பெயர் தீங்கற்றது போல் ஒலிக்கிறது. ஆனால் 120 வோல்ட் சுற்றில் ஃபேஸ் கம்பி சுமக்கும் மின்னோட்டம் முழுவதையும் நியூட்ரலே திருப்பிக் கொண்டுவருகிறது. எங்கேனும் அது அறுந்தால், கருவி இயங்காது. ஆயினும் அறுந்த முனையின் கருவிப்பக்கம் உயிரோடிருக்கும். நியூட்ரலும் எர்த்தும் வீட்டின் முதன்மைப் பலகையில் மட்டுமே இணைய வேண்டும். துணைப் பலகையிலும் டிரெய்லருக்குள்ளும் பிரிந்தே இருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான். டிரெய்லருக்குள் அவற்றைச் சேர்த்துவிட்டால், நியூட்ரல் அறும் நாளில் உலோகச் சட்டகம் முழுதும் மின்னேறும்.

இரண்டாவது, எர்த். பெயரே மண்ணைச் சுட்டுவதால், மண்ணில் ஒரு தடியை அடித்து டிரெய்லரோடு பிணைத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. நல்ல நிலைமையிலேயே தடிக்கும் மண்ணுக்கும் இடையே 25 ஓம் தடை என்று கொண்டால், 120 வோல்ட் அதன் வழியே செலுத்துவது 4.8 ஆம்பியர் மட்டுமே. 30 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. டிரெய்லரின் உடலோ மின்னேறியபடியே நிற்கும். ரப்பர் சக்கரங்கள் அதை மண்ணிலிருந்து பிரித்து வைத்திருப்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவரே சுற்றை நிறைவு செய்கிறார். மாறாக, எர்த் கம்பி பலகை வரை அறுபடாமல் சென்றால் மொத்தத் தடை அரை ஓமுக்கும் குறைவு. 240 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் கம்பியின் முதல் வேலை மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்புவதன்று. புறப்பட்ட இடத்துக்கே விரைந்து திருப்பி அனுப்புவது. பெயர் மண்ணைக் காட்டுகிறது, பாதுகாப்போ கம்பியில் இருக்கிறது. மண்ணையே திரும்பும் வழியாக நம்பும் அமைப்புகளில் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இன்றியமையாதது. இந்திய வீடுகளின் ஆர்.சி.சி.பி. அவ்வகையே.

மூன்றாவது, கறுப்பு. இந்தியப் பழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்காவில் கறுப்பே ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ உறையற்ற செம்போ எர்த். குறிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு இல்லை என்ற சசூரின் பாடத்தை இதைவிடக் கூர்மையாக விளக்கும் எடுத்துக்காட்டு அரிது. இந்தியாவில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கற்றவர் அமெரிக்க வீட்டுப் பலகையைத் திறக்கும்போது, நியூட்ரல் என்று கை நீளும் கம்பி உயிர்க்கம்பி. பிரிட்டனும் 2004-இல் நிறங்களை மாற்றத் தொடங்கியது. அங்கே நெடுங்காலம் நியூட்ரலாக இருந்த கறுப்பு, இன்று மும்முனை இணைப்பில் ஃபேஸ்களுள் ஒன்று.

சொல், வடிவம், நிறம் மூன்றும் இவ்வாறு வழுக்கும்போது நம்பத்தக்கது அளவீடு ஒன்றே. டிரெய்லரின் பிளக்கைச் செருகும் முன் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 120. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே 120. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சுழிக்கு அருகில். எங்கேனும் 240 தோன்றினால் பிளக்கைத் தொடவே கூடாது. மூன்றும் சரியெனில், பிரேக்கரை அணைத்து, பிளக்கைச் செருகி, பிறகே பிரேக்கரை ஏற்ற வேண்டும். தூரமும் கணக்கில் சேரும். 100 அடி தொலைவில் 24 ஆம்பியர் இழுத்தால் பத்தாம் எண் கம்பியில் ஏறத்தாழ 6 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். அதற்கு எட்டாம் எண் கம்பி நல்லது. அங்கே எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பது புதியவரை ஏமாற்றும் இன்னொரு குறியீடு.

இவ்வளவுக்கும் தீர்வு எலக்ட்ரீஷியனின் திறமையில் குறை காண்பதன்று. அவர் தம் தொழில்மொழியில் சரியாகவே கேட்டார். உரிமையாளர் தம் வழக்கில் சரியாகவே சொன்னார். இரு வழக்குகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கேள்வி கூடுதலாக வேண்டும்: "ஒரு ஃபேஸா, இரண்டா?" அதனோடு 'டிடி-30, 120 வோல்ட், ஒற்றைப் பிரேக்கர்' என்று தாளில் எழுதிக் கொடுப்பதும், உள்ளூர் அனுமதி பெற்று ஆய்வாளரைக் கொண்டு சரிபார்ப்பதும் சேர்ந்தால் பாதி வாக்கியம் முழுமையாகும். கேட்டால் அறியாமை வெளிப்படுமோ என்ற தயக்கம் இரு தரப்பிலும் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையைத் தருபவர் பெரும்பாலும் மூன்றாமவர். மழை விட்ட மாலையில் டிரெய்லரின் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப்போகும் குழந்தை, அந்த உரையாடலில் இருந்ததேயில்லை.