கரி அடுப்பை எத்தனை நாளைக்கு ஒருக்கா துப்புரவாக்குவது?



மாரி தொடங்கியதிலிருந்து மூன்று நான்கு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு உம்மா பாடசாலைக் கேற்றடியில் வைத்தே கேட்டார்: "டீச்சர், நீங்க சயன்ஸ்தானே படிப்பிக்கிற. இந்த ஃபேன் வெச்ச கரி அடுப்ப எத்தின நாளைக்கு ஒருக்கா துப்புரவாக்கணும்?" கேற்றடியில் நின்று சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும் என்ற நிலை. அந்த நேரத்தில்தான் இந்த அடுப்பு நம்ம வீடுகளுக்குள் வந்தது. காஸ் திரும்பி வந்த பிறகும் பல வீடுகளில் அது குசினியை விட்டுப் போகவில்லை. இறைச்சி அவிக்க, கஞ்சி காய்ச்ச, வெந்நீர் வைக்க இன்னும் அதுதான். சிரட்டைக் கரி போட்டால் புகையும் இல்லை, சட்டியும் கரிபிடிப்பதில்லை. வாங்கும்போது எப்படிப் பற்றவைப்பது என்று கடையில் காட்டினார்கள். எப்படித் துப்புரவாக்குவது என்று காட்டியவர்கள் குறைவு.

முதலில் சுருக்கமான பதில். ஒவ்வொரு முறையும் பற்றவைக்க முன்பு அடித்தட்டின் ஓட்டைகளைப் பாருங்கள். சாம்பலை ஒவ்வொரு நாளும் அள்ளுங்கள். ஃபேனையும் காற்றுப் போகும் குழாயையும் கிழமைக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். உள்ளே இருக்கும் சீமெந்துப் பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளையும் அந்த அடுப்பிலேயே சமைக்கிற வீடென்றால் சாம்பலை இரண்டு தரம் அள்ள வேண்டி வரும். கிழமைக்கு ஒருநாள் மட்டும் பற்றவைக்கிற வீடென்றால் அந்த ஒருநாள் போதும். கலண்டரைப் பார்க்கத் தேவையில்லை, சாம்பலைப் பார்த்தால் போதும்.

இனி ஏன் என்று சொல்கிறேன்.

இந்த அடுப்பின் அமைப்பு எளியது. பக்கத்தில் அல்லது அடியில் ஒரு சின்ன ஃபேன். அது ஊதுகிற காற்று, ஓட்டை போட்ட இரும்புத் தட்டின் வழியாக மேலே வந்து கரிக்குள் போகிறது. கரி எரிய எரியச் சாம்பல் அந்தத் தட்டில் விழுகிறது. சாம்பல் கூடினால் ஓட்டை அடைபடும். ஓட்டை அடைபட்டால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் கரிக்குப் போகிற காற்று குறைவுதான்.

அப்போது சோறு வேக நேரமாகும். நாம் என்ன செய்வோம்? ஃபேனைக் கூட்டுவோம். சாம்பல் பறந்து கறிக்குள் விழும். இன்னும் கொஞ்சம் கரி போடுவோம். அதற்கும் சரிவராவிட்டால் "கரி நல்லமில்ல" என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். அடியில் இருக்கிற தட்டை யாரும் பார்ப்பதில்லை. சிலர் தணலுக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தணலில் ஊற்றினால் நெருப்பு கைக்கே பாயும்.

கரியும் நேரமும் வீணாவது சின்ன நட்டம். பெரிய விசயம் வேறு. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது: போதிய ஒட்சிசன் இருந்தால் கரி எரிந்து காபனீரொட்சைட்டு வரும். ஒட்சிசன் போதாவிட்டால் காபனோரொட்சைட்டு வரும். இந்த இரண்டாவது வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியில் உள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உடம்புக்குப் போக வேண்டிய ஒட்சிசனுக்கு இடமில்லை. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, சத்தி, களைப்பு. கூடினால் மயக்கம், மௌத்து. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட.

விறகு அடுப்பில் குறைபாடு இருந்தால் புகை வந்து கண்ணை எரித்து நம்மை வெளியே அனுப்பிவிடும். கரி அடுப்பு அப்படி எச்சரிக்காது. புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்து மழைக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு இருக்கிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி, வயது அறுபதுக்கு மேல். போன மாரியில் தொடர்ந்து சில நாட்களாக "காலையில எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள்ள தல கிறுகிறுக்குது மகள், வயித்தப் பிரட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரஷர் என்று நினைத்து மருந்தைக் கூட்டலாமா என்று வீட்டில் கதை. ஒருநாள் நான் குசினிக்குள் போனேன். தூவானம் அடிக்குது என்று ஜன்னலுக்குத் தறப்பாள் கட்டியிருந்தது, கதவும் சாத்தியிருந்தது. அடுப்பின் தட்டில் பாதிக்கு மேல் ஓட்டைகளைக் காணவில்லை, சாம்பல் கல்லாக இறுகிப்போய் இருந்தது. நான் டொக்டர் இல்லை, அதனால் நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அடுப்பைத் துப்புரவாக்கி, கதவுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, தறப்பாளை மேல்பாதியில் அவிழ்த்துவிட்ட பிறகு மாமியின் கிறுகிறுப்பு நின்றது. பிரஷரையும் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், அது வழமைபோலத்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றாகத் துப்புரவாக்கிய கரி அடுப்பும் காபனோரொட்சைட்டை விடும், அளவு குறையுமே தவிர இல்லாமல் போகாது. அதனால் துப்புரவாக்கினோம் என்று கதவைச் சாத்த முடியாது. மழையானாலும் ஒரு பக்கம் கதவு, எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று, சமையல் முடிந்து ஃபேனை நிறுத்திய பிறகு மிஞ்சுகிற தணலைத்தான் நாம் கவனிப்பதில்லை. காற்று நின்றுவிட்டதால் அப்போது இந்த வாயு கூடுதலாக வரும். மிஞ்சிய தணலோடு அடுப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. குளிருக்கும், உடுப்புக் காயவைப்பதற்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

துப்புரவாக்கும் முறை இது. அடுப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும், பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும். தட்டைத் தூக்க முடிந்தால் தூக்கித் தட்டுங்கள். முடியாவிட்டால் மொத்தக் கம்பியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, கீழே விழுகிற சாம்பலை அள்ளுங்கள். ஃபேனுக்குத் தண்ணீர் படக் கூடாது. காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். சூடாக இருக்கும்போது உள்ளே தண்ணீர் ஊற்றினால் சீமெந்துப் பூச்சு வெடிக்கும். வெடித்தால் காற்று கண்ட இடத்தால் போகும், வெளித்தகடும் சுடும்.

அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ கடதாசிப் பெட்டியிலோ கொட்ட வேண்டாம். மேலே ஆறியதுபோல் இருக்கும், உள்ளே ஒரு தணல் மறுநாளும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகரத்தில் போட்டு வெளியே வையுங்கள். சாம்பல் வளவில் மரங்களுக்கு நல்ல பசளை, ஆனால் ஒரே இடத்தில் குவிக்காமல் தூவுங்கள். சாம்பல் கரைத்த தண்ணீரில் சிவப்புப் பாசிச்சாயத்தாளை வைத்தால் நீலமாகும், அதாவது அது காரம். கையில் வெடிப்பு இருந்தால் எரியும். தூசு மூக்கில் ஏறாமல் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

விறகு அடுப்பும் புகைக்கூடும் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈர விறகு எரித்தால் தார்போல் ஒன்று புகைக்கூட்டின் உள்பக்கம் ஒட்டும். அது நெருப்புப் பிடிக்கும். 3 மில்லிமீற்றர் அளவுக்குக் கரி படிந்துவிட்டால் சுரண்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வருடத்தில் ஒருமுறையாவது, மாரிக்கு முன், ஏறிப் பாருங்கள். வீட்டுக்குள் சமையல் நெருப்பால் கெடுகிற காற்றினால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணித்திருக்கிறது. குசினியில் கூட நேரம் நிற்பது யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் கடைசியாக ஆண்களுக்கு. அடுப்பைப் பார்த்து வாங்கி வந்தது நீங்கள், கரி மூட்டையைத் தூக்கி வருவதும் நீங்கள். சாம்பல் அள்ளுகிற வேலை மட்டும் ஏன் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் என்று ஆகிவிட்டது? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை ஜுமுஆக்களில் கேட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் பத்து நிமிடம், ஒரு கம்பி, ஒரு பிரஷ். ஃபேனை ஒரு மகன் பார்க்கட்டும், தட்டை வாப்பா பார்க்கட்டும்.

அடுப்படியில் யாருக்காவது தலை சுற்றினால் முதலில் அவரை வெளியே காற்றுக்குக் கொண்டு வாருங்கள். மயக்கமாக இருந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். "மூடிய குசினியில் கரி எரிந்தது" என்று டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

வீட்டில் முகநூல் பார்க்காத உம்மாமார், மாமிமார் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்கு இரவு சமைத்து முடித்து, அடுப்பு ஆறிய பிறகு, டோர்ச் அடித்து அந்தத் தட்டில் எத்தனை ஓட்டை திறந்திருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.