ஒரிஜினல் மாதிரி!

கிடாரில் ஆறு கம்பி இருக்கும். என்னுடையதில் நாலுதான். "மீதி ரெண்டும் அறுந்து போச்சா ஸார்?" என்று எங்கள் ஆபீஸில் கேட்காத ஆளே இல்லை. அக்கவுண்ட்ஸ் செக்ஷன் மட்டும், "ரெண்டு கம்பி கம்மின்னா விலையும் கம்மியா?" என்று கேட்டது. அது அவர்கள் தொழில் தர்மம்.

இது பேஸ் கிடார் ஐயா! கம்பி நாலுதான், ஆனால் ஒவ்வொன்றும் நல்ல தடிமன். அடிக்கம்பியைத் தட்டினால் விநாடிக்கு 41 தடவைதான் அதிரும். அவ்வளவு கீழ் ஸ்தாயி. செல்போனில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் சரியாகக் காதில் விழாது. அந்தத் துக்கிணி ஸ்பீக்கருக்கு அந்த சக்தி கிடையாது. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'மூடுபனி' (1980) படத்தின் கிடார் பாட்டைக் கேளுங்கள். பாடுகிறவருக்குக் கீழே இன்னொருத்தர் தனியாக ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே போவார். அதுதான் பேஸ். இளையராஜாவுக்கு சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் என்று சென்னையில் இந்த வாத்தியத்துக்குப் பெரிய கைகள் உண்டு. ரோட்டில் எதிரே வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அடையாளம் தெரியாது. பேஸ்காரன் தலையெழுத்து அப்படி!

எங்கள் ஜாதிக்காரர்கள் கனவில் அடிக்கடி வருவது ஃபெண்டர் ஜாஸ் பேஸ். 1960-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அங்கேயே செய்த ஒன்று இன்றைக்கு இங்கே வந்து சேரும்போது ரெண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். நானோ திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூணு பேர் ரூமில் மூணாவது கட்டில். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது. தங்கை நர்ஸிங் படிக்கிறாள். மீதிப் பாதியில் ரெண்டு லட்சம் சேர்ப்பதற்குள் எனக்கு ரிடையர்மெண்ட் வந்துவிடும்.

ஆகவே நான் வாங்கியது அதன் காப்பி. செகண்ட் ஹாண்டில் 14,000 ரூபாய். ஓவர்டைம் பார்த்த காசு. அதே உடம்பு, அதே ரெண்டு பிக்கப், அதே மூணு திருகு, கம்பியின் நீளமும் அதே 34 அங்குலம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஃபெண்டர். கிட்டே வந்து தலையைப் பார்த்தால் வேறு பெயர் எழுதியிருக்கும்.

ரூம்மேட் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது பர்மா பஜார் ரேபான் கண்ணாடி மாதிரிதானே?" என்றான்.

இல்லை. இதற்கு ஒரு கௌரவமான பரம்பரை உண்டு. 1970-களில் ஜப்பான்காரர்கள் அமெரிக்க கிடார்களை அச்சு அசலாகச் செய்து விற்றார்கள். கிப்ஸன் கம்பெனியின் முதலாளிகள் 1977-ல் ஐபனெஸ் கிடார்களின் அமெரிக்க விற்பனையாளர் மீது கேஸே போட்டார்கள். சண்டை எதற்குத் தெரியுமா? கிடாரின் தலை வடிவத்துக்கு! கடைசியில் சமரசம் ஆயிற்று. ஃபெண்டர் வேறு மாதிரி யோசித்தது. 1982-ல் 'ஸ்கொயர்' என்ற பெயரில் ஜப்பானில் தானே மலிவு விலைக் கிடார்களைச் செய்ய ஆரம்பித்தது. தன்னைத் தானே காப்பியடித்துக்கொள்வது என்றால் இதுதான்.

அப்புறம் 2009-ல் அமெரிக்க வர்த்தக முத்திரை வாரியம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பிரிசிஷன் பேஸ் உட்பட ஃபெண்டரின் மூன்று மாடல்களின் உடல் வடிவத்துக்குத் தனி முத்திரை தர முடியாது. பல பேர் பல வருஷமாக அதே வடிவத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று. பெயர் அவர்களுடையது. அந்தப் பெயரை அடுத்தவன் போட்டுக்கொண்டால் அது போலி. போடாதவரை காப்பி. ரெண்டும் ஒன்றில்லை.

இவ்வளவையும் ரூம்மேட்டுக்கு விளக்கினேன். பாதியிலேயே தூங்கிவிட்டான்.

காப்பியில் குறை இல்லையா என்றால், ஏகப்பட்டது இருந்தது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே பென்சில் நுழையும் உயரம். அழுத்தி வாசித்தால் ராத்திரி சாப்பாட்டைப் பிசைய விரல் வராது. ஃப்ரெட் முனைகள் அரம் மாதிரி கையைக் கீறும். சவுண்ட் திருகைத் தொட்டால் கரகரவென்று அப்பளம் நொறுங்கும். இதெல்லாம் போக ஒரு 'உர்ர்ர்' வேறு.

இந்த லட்சணத்தோடுதான் சனி, ஞாயிறுகளில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து வந்தேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா. ஒரு ப்ரோக்ராமுக்கு 1,500 ரூபாய். தங்கையின் ஹாஸ்டல் பீஸ் அதில்தான் ஓடுகிறது. போன வருஷம் ஒரு நாள் ட்ரூப் லீடர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கேமராக்காரன் குளோஸப் எடுக்கறான். பார்ட்டி அதைப் பார்த்துட்டு 'என்னங்க டூப்ளிகேட் கிடாரெல்லாம்'ங்கறாங்க. சவுண்டும் உர்ருங்குது. ரெண்டு மாசத்துல நல்லதா ஒண்ணு வாங்கிரு. இல்லேன்னா கீபோர்டுக்காரர் இடது கையிலயே பேஸை வாசிச்சுக்கறேங்கறார். எனக்கும் ஒரு ஆள் சம்பளம் மிச்சம்."

அவர் மிரட்டவில்லை. இன்றைக்குப் பாதி ட்ரூப்களில் அதுதான் நடக்கிறது. கீபோர்டின் இடது கை எங்கள் பிழைப்பைச் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறது.

ஆபீஸ் சொஸைட்டியில் லோன் கிடைக்கும். பாரத்தை வாங்கிப் பூர்த்திகூடச் செய்துவிட்டேன். மாசாமாசம் பிடித்தம் போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வந்த விடையைத் தங்கையிடம் சொல்ல முடியாது. பாரத்தை மடித்து டிராயரில் வைத்தேன்.

அதற்குப் பதில் கிடார் ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். சந்துக்குள் ஒரு சின்ன ரூம். சுவர் முழுக்கக் கழுத்து இல்லாத கிடார்கள். என்னுடையதைத் தராசு பார்க்கிற மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "கட்டை நல்ல கட்டைதான் தம்பி. இப்பல்லாம் மெஷின்ல வெட்டறாங்க, அளவு தப்பாது. கடைசி ரெண்டு மணி நேரம் மனுஷன் கை வேலை பார்க்கணும் பாரு, அங்கதான் காசை மிச்சம் புடிக்கறாங்க. விலை வித்தியாசத்துல பாதி அந்தக் கைக்குத்தான்" என்றார்.

அந்த ரெண்டு மணி நேரத்தை என் கண்ணெதிரே செய்தார். கிடாரின் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகள் இழுக்கிற இழுப்பில் கழுத்து வளைவதை அதுதான் எதிர்த்து நிற்கிறது. ஆலன் கீயைப் போட்டுக் கால் சுற்றுத் திருகினார்; பென்சில் போன இடத்தில் அஞ்சல் அட்டைதான் போகும் போலிருந்தது. ஃப்ரெட் முனைகளை அரத்தால் ராவினார். திருகுகளை மாற்றி, உள்ளே ஒயரைப் புதுசாகப் பற்றவைத்தார். "உர்ர் பாதி போயிரும். மீதி, ரெண்டு பிக்கப்பையும் முழுசாத் தொறந்தா அடங்கிரும். ஒரிஜினல்லயும் அப்படித்தான்" என்றார். ஒரிஜினலுக்கும் உர்ர் உண்டு என்று கேட்டதும் எனக்கு ஏனோ நெஞ்சு நிமிர்ந்தது!

புதுக் கம்பியோடு மொத்தம் 4,200 ரூபாய். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அண்ணன் ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே தலையில் ஒட்டும் ஃபெண்டர் ஸ்டிக்கர்கள்.

"நூத்தம்பது ரூபா. ஒட்டிட்டா உங்க லீடருக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது."

கை போகத்தான் செய்தது. ரெண்டு லட்சம் எங்கே, 150 எங்கே! ஆனால் அதை ஒட்டிவிட்டால் யாராவது கிட்டே வரும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிடாரின் தலையைச் சொன்னேன். என் தலையையும்தான்.

"வேணாண்ணே, இருக்கற பேரே இருக்கட்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினார். தப்பாக நினைக்கவில்லை என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் ரிசப்ஷன். நாலு பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் பையன் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான். சாப்பாட்டுப் பந்தியில் லீடர் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.

"புதுசு வாங்கிட்டே போலிருக்கு?"

"இல்லண்ணே, அதேதான். குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. பாயசத்தை இலையில் விடச் சொல்லிக் குடித்தார். அப்புறம் கீபோர்டின் இடது கை பற்றி இதுவரை பேச்சு வரவில்லை. வரவே வராது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

நண்பர் ஒருவரின் ஒரிஜினலை ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்துப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே உசத்திதான். கழுத்து உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று மணி நேரம் வாசித்தும் சுருதி இறங்கவில்லை. 'காப்பியும் ஒரிஜினலும் ஒன்றுதான்' என்று சொல்கிறவர்கள் ஒரிஜினலைத் தொட்டதில்லை. ஆனால் கையில் ஒரிஜினல் இருந்தால்தான் வாசிக்கலாம் என்று 1961-ல் பால் மெக்கார்ட்னி நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபெண்டர் வாங்க வசதி இல்லாமல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வயலின் வடிவத்தில் ஒரு ஹோஃப்னர் பேஸ் வாங்கினார். பீட்டில்ஸ் ஆரம்ப காலப் பாட்டுகளை அதில்தான் வாசித்தார். 1972-ல் திருடுபோன அந்த மலிவு பேஸ் திரும்பக் கிடைத்த செய்தி 2024-ல் வெளியானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. போட்டிருக்கிறேன். அது முதிர்கிற வருஷம் தங்கைக்குக் கல்யாண வயசு. பணம் எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ரிசப்ஷனில் பேஸ் யார் என்பதும் தெரியும். பேமெண்ட் கேட்க மாட்டேன்.