ஏறி இறங்கிற சத்தம்

யூரியூப்பில் சத்தமில்லாத கம்பியூட்டர் எண்டு தேடினால் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கலர் லைற் எரியிற மெஷின்கள்தான் வரும். அதுக்கு முன்னால டெசிபல் மீற்றர் பிடிச்சுக்கொண்டு நிக்கிற பெடியள் எல்லாருக்கும் தனியறை இருக்கு. எங்கட வீடு 550 சதுர அடி, இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டினது. சீலிங் இல்லை. நடுச்சுவருக்கு மேலால ஏறிற சத்தம் ஓட்டில் பட்டு மற்ற அறைக்குள்ள இறங்கும். ஹோலில் கம்பியூட்டர் ஓடினால் அது அம்மாவின் தலைமாட்டில் ஓடிற மாதிரித்தான்.

நாங்கள் எண்டால் இரண்டு பேர். ஒராள் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம், மற்றாள் ஏ.எல். ஒன்லைன் வகுப்புக் காலத்தில், ஏதோ ஒரு கந்தோர் கழிச்சுவிட்ட டெஸ்க்ரொப் ஒன்றை ரவுணில் வாங்கினோம். பகல் பஸ்ஸிலயும் வகுப்பிலயும் போயிடும். அசைன்மென்ற் எழுதிறது இரவு பத்து மணிக்குப் பிறகு. பளையில் அந்த நேரம் ஏ9இல் போற லொறியையும் தென்னோலை உரசிறதையும் விட்டால் பெரிசாகச் சத்தம் ஒண்டும் இல்லை. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்கள். கறண்ட் போற அந்தச் செக்கனில்தான் இந்தப் பெட்டி எவ்வளவு நேரமாக இரைஞ்சுகொண்டு இருந்தது எண்டு எங்கட காதுக்கே தெரிந்தது.

அம்மா முறைப்பாடு சொல்லவில்லை. "நீங்கள் படியுங்கோ பிள்ளையள்" எண்டு மட்டும் சொல்லுவா. ஆனால் ஃபான் திடீரெண்டு ஏறினால் நித்திரையில் இருந்து எழும்பிக் கட்டிலில் குந்தி இருப்பா. சத்தம் இறங்கின பிறகும் படுக்கமாட்டா, திரும்ப ஏறும்வரை பாத்துக்கொண்டு இருப்பா. ஏனம்மா எண்டு கேட்டதுக்கு ஒரு சொல்தான் சொன்னா: "வண்டு."

2008, 2009இல் வன்னிக்குள்ள இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஆளில்லா வேவு விமானத்தைச் சனம் வண்டு எண்டுதான் சொன்னது. அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கிட்ட வரும், தள்ளிப்போகும், திரும்ப வரும். அது மேல சுத்தினால் பின்னால செல்லோ கிபிரோ வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அப்ப நாலைஞ்சு வயசும் இல்லை, ஞாபகம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. அம்மாவின் காதில் அது அப்படியே இருக்கு.

அதனால எங்களுக்கு வந்த வேலை வேற. அம்மா பழைய கறள் பிடிச்ச மேசை ஃபானுக்குக் கீழ நல்லா நித்திரை கொள்ளுறவா, அது கம்பியூட்டரை விடச் சத்தம். அது ஒரே சத்தம், அவ்வளவுதான். சத்தத்தைக் குறைக்கிறதை விட அது ஏறி இறங்கிறதை நிப்பாட்டுறதுதான் முக்கியம் எண்டு அதில விளங்கிச்சு.

ஃபான் ஏன் ஏறுது? புரோசஸர் சூடானால் மதர்போர்ட் அதைப் பார்த்து ஃபானை வேகமாகச் சுத்தவிடும், ஆறினால் குறைக்கும். சூட்டை வெளியில எடுக்கிற அலுமினியத் தகடுகளுக்கு இடையில தூசி அடைச்சிருந்தால் ஒரு வெப்பக்கத்தைத் திறக்கிற சின்ன வேலைக்கே சூடு பாயும், ஃபான் அலறும். பளையில் தூசிக்குக் குறைவே இல்லை. மணல் மண், அதுக்கு மேல சோளகக் காத்து. புலோப்பளைப் பக்கம் 2014இல் இருந்து காற்றாலைகள் சுத்திறது இந்தக் காத்தை நம்பித்தான். அதே காத்துத்தான் எங்கட ஹீற்சிங்கை அடைச்சுக் கம்பளி மாதிரி ஆக்கி வைச்சிருந்தது. வயரைக் கழட்டிப்போட்டு, ஃபான் இதழைச் சுத்தவிடாமல் ஒரு விரலால் பிடிச்சுக்கொண்டு, பெயின்ற் பிறஷால் தட்டினோம். புரோசஸருக்கும் ஹீற்சிங்குக்கும் நடுவில இருந்த தேர்மல் பேஸ்ட் காய்ஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைச்சுப்போட்டு ஒரு பயறளவு புதுசு வைச்சோம். சும்மா இருக்கேக்க 60 பாகையில் நிண்டது 45க்கு வந்தது. பாதிப் பிரச்சினை அதோட போச்சு, செலவு பேஸ்ட் ரியூப் ஒண்டு.

மிச்சப் பாதி சுருதிப் பிரச்சினை. எங்கட ஃபானுக்கு ஏழு இதழ். நிமிசத்துக்கு 3000 சுத்து எண்டால் செக்கனுக்கு 50 சுத்து, ஏழு இதழும் சேர்ந்து செக்கனுக்கு 350 தரம் காத்தை வெட்டும். அந்த 350 ஹேர்ட்ஸ்தான் 'ஙீ' எண்டு கேக்கிறது. 1000 சுத்துக்குக் கொண்டுவந்தால் 120 ஹேர்ட்ஸுக்கும் கீழ போயிடும், எங்கட காது அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைப் பெரிசாகக் கணக்கெடுக்காது. வேகத்தைப் பாதியாக்கினால் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறையும் எண்டு ஒரு பொதுக் கணக்கும் இருக்கு. காத்துப் போதாதே எண்டு கேட்கலாம். அதுக்குத்தான் பெரிய ஃபான். பெட்டியின் முன்பக்கம் 12 சென்றிமீற்றர் ஃபான் பூட்டிற ஓட்டை ஒண்டு சும்மா கிடந்தது. அதில ஒண்டைப் பூட்டி மெதுவாக ஓடவிட்டோம். ஃபானே வேண்டாம் எண்டு நினைக்கிறது பிழைக்கும். 1980இல் வந்த ஆப்பிள் 3ஐ ஃபான் இல்லாமல் செய்து, அது சூடாகிப் பழுதாகிற மெஷின் எண்டு பெயரெடுத்தது. அது பளைச் சித்திரை வெயிலையும் காணாத மெஷின்.

பிறகு பயோஸுக்குள்ள போய், புரோசஸர் ஃபான் 70 பாகை வரைக்கும் ஒரே வேகத்தில் நிக்கிற மாதிரி வைச்சோம். விண்டோஸின் பவர் செற்றிங்கில் புரோசஸரின் உச்ச அளவை 100இல் இருந்து 99க்கு இறக்கினோம். ஒரு வீதம்தானே எண்டு தோன்றும். ஆனால் எங்கட மாதிரி மெஷின்களில் அந்த ஒண்டைக் குறைச்சால் ரேர்போ வேலை செய்யாது, சூடு திடீரெண்டு பாயாது. கட்டுரை எழுத ரேர்போ என்னத்துக்கு? கேம் விளையாடுறவர்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கினார்.

ஹார்ட் டிஸ்க் தனிக்கதை. நிமிசத்துக்கு 7200 சுத்து, அதாவது 120 ஹேர்ட்ஸ் முனகல். அது சின்னச் சத்தம்தான். ஆனால் பெட்டி இருந்தது பலகை மேசையில், பலகை வீணைக் குடம் மாதிரி அதை வாங்கிப் பெருப்பிச்சது. பழைய சைக்கிள் ரியூப்பை நாலு துண்டாக வெட்டி மடிச்சுப் பெட்டியின் காலுக்குக் கீழ வைச்சதும் மேசை வாயை மூடிச்சு. எஸ்எஸ்டி போட்டால் அதில சுத்திறதுக்கு ஒண்டுமே இல்லை, அந்த முனகலும் இருக்காது. அதுக்கு மகாபொலக் காசு வரவேணும்.

இப்ப கேக்கிறது பவர் சப்ளையின் ஃபான் மட்டும். அதை நாங்கள் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதேங்கோ. வயரைக் கழட்டின பிறகும் உள்ளுக்க இருக்கிற கபாசிற்றரில் கறண்ட் நிக்கும். வெளியில இருந்து பிறஷால் தட்டினது மட்டும்தான். போன கிழமை ரியூற்றோரியலுக்காக விடிய ரெண்டு மணி வரைக்கும் மெஷின் ஓடிச்சு. அம்மா ஒருக்கா எழும்பினா, தண்ணி குடிக்க. "இன்னும் படுக்கேல்லையோ" எண்டு கேட்டுப்போட்டுத் திரும்பப் போய்ப் படுத்திட்டா.